லினக்ஸ் வட்டுப் பிரிவுகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தீர்க்கும் முறை

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் நான், லினக்ஸ் கணினிகளில் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் கோளாறு ஒன்றுதான்: வட்டில் நிறைய இடம் இருக்கும், வேண்டிய பிரிவில் (வட்டைப் பங்கு போட்ட துண்டுகளுள் ஒன்றில்) மட்டும் இடம் இருக்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் இங்கே பெருகியிருக்கிறார்கள். நிறுவும் நாளில் வட்டு முழுவதையும் ஒரு ஜிபி மிச்சமில்லாமல் பங்கு போட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு வட்டை மறுபடி பிரிக்கவே தேவைப்படுவதில்லை என்பதால், கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் வட்டில் கை வைக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கட்டளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒலியில் தமிழிலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்பும் முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, பிரிவுகளை அடுக்கிக் காட்டும் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’, அவற்றில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப் -ஹெச்’ ஆகிய இரண்டின் வெளியீட்டையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிவுகளின் வரிசை, அளவு, அடையாள எண் மூன்றும் அந்தப் படத்தில் இருந்தால், பின்னால் எது தவறினாலும் பழைய நிலை என்ன என்று தெரியும்.

## ‘வட்டில் இடம் இல்லை’ என்ற செய்தி வருகிறது

ரூட் பிரிவு 100% என்று டிஎஃப் காட்டினால்

உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் பிரிவில் 150 ஜிபி காலியாக இருந்தாலும், இயங்குதளம் இருக்கும் ரூட் நிரம்பிவிட்டால் கணினி முடங்கிவிடும். முதலில் ‘ஏபிடி கிளீன்’ கொடுத்து, இறக்கி வைத்த மென்பொருள் பொதிகளை நீக்குங்கள். அடுத்து ‘ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’ கொடுத்துப் பதிவேடு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அது இயல்பாகவே அந்தப் பிரிவின் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரக்கூடியது. 25 ஜிபி ரூட்டில் அது சிறிய பங்கு அன்று. ‘--வேக்யூம்-சைஸ்=200எம்’ என்று கொடுத்தால் 200 எம்பிக்குச் சுருங்கிவிடும்; இங்கே எம் என்பது பெரிய எழுத்து.

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள், கணினியின் பழைய நிலையை நகலாக வைத்துக்கொள்ளும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் நகல்கள் ரூட் பிரிவுக்குள்ளேயே சேமிக்கப்படும்படி அமைத்திருந்தால், வேறு எதைத் துடைத்தாலும் ஒரு வாரத்தில் பிரிவு மறுபடி நிரம்பும். மென்பொருள்களை நிறுவி ஓட்ட உதவும் பிளாட்பேக், டாக்கர் இரண்டும் தங்கள் பொருள்களை ‘/வார்/லிப்’ அடைவில்தான் குவிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். எது பெருத்திருக்கிறது என்று தெரியாவிட்டால், ‘என்சிடியூ -எக்ஸ் /’ கொடுங்கள். எக்ஸ் குறி இருப்பதால் அது ரூட் பிரிவைத் தாண்டி மற்ற வட்டுகளுக்குள் போகாது.

இடம் இருப்பதாகக் காட்டியும் ‘இடம் இல்லை’ என்றால்

‘டிஎஃப் -ஐ’ கொடுத்துப் பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) நூறு விழுக்காடு ஆகியிருந்தால், இடம் தீரவில்லை, கோப்புகளின் எண்ணிக்கைதான் தீர்ந்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமான கோப்பு முறையான எக்ஸ்ட்4 இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்ற கணக்கில், ஃபார்மட் செய்யும்போதே எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறது. பிறகு அதே அளவுப் பிரிவில் அதைக் கூட்ட முடியாது. மின்னஞ்சல் வரிசை, இணையதளத்தின் செஷன் கோப்புகள் போன்று லட்சக்கணக்கில் பெருகும் சின்னஞ்சிறு கோப்புகளைக் கண்டுபிடித்து நீக்குவதே வழி.

டிஎஃப் ஒரு கணக்கும் டியூ வேறு கணக்கும் சொன்னால்

இந்த இடத்தில் அவசரப்பட்டு வட்டை மறுபடி பிரிக்கிறவர்கள்தான் அதிகம். டிஎஃப் 55 ஜிபி நிரம்பியதாகச் சொல்லும், ஒவ்வொரு அடைவாக டியூ கூட்டினால் 17 ஜிபிதான் வரும். இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருப்பது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்ற கட்டளை அப்படிப்பட்டவற்றை வரிசைப்படுத்தும். இதில் எல் மட்டும் பெரிய எழுத்து. அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பிவிடும். கணினியையே ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலும் போதும்.

இரண்டாவது, மவுண்ட் செய்த இடத்துக்கு (ஒரு வட்டை இணைத்துக் காட்டும் அடைவுக்கு) அடியில் கோப்புகள் மறைந்திருப்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பலகாரக் கடையின் பில் கணினி. “தம்பி, பில்லு அடிச்சா இடமில்லைங்குது, நான் எந்த இடத்தைக் காலி பண்றது?” என்று கடைக்கார ஆச்சி கேட்டார். ஒவ்வோர் இரவும் வெளி வட்டுக்கு நகல் எடுக்கும்படி அந்தக் கணினியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி வேலை நெருக்கடியில், தேன்குழல் மாவு படிந்த அந்த யூஎஸ்பி முனை ஒரு விரற்கடை வெளியே வந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வெளி வட்டு இல்லாதபோது அது மவுண்ட் ஆகும் அடைவு வெறும் ரூட் பிரிவின் அடைவுதானே, நகல் நாள் தவறாமல் அதற்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. பிறகு யாரோ முனையை அழுத்திச் செருகவே, வெளி வட்டு அதன்மேல் மவுண்ட் ஆகி, அடியில் கிடந்த 38 ஜிபியை மூடிவிட்டது.

இதைக் காண ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி’ என்று கொடுத்துவிட்டு, ‘/எம்என்டி’ அடைவுக்குள் டியூ ஓட்டுங்கள்; மேலே மூடியிருக்கும் வட்டுகள் விலகி, ரூட்டின் உண்மையான உள்ளடக்கம் மட்டும் தெரியும். (வெளி வட்டே ‘/எம்என்டி’யில் மவுண்ட் ஆகியிருந்தால் வேறொரு வெற்று அடைவைப் பயன்படுத்துங்கள்.) மறுபடி நிகழாமல் இருக்க, வெளி வட்டைக் கழற்றிய நிலையில் அதன் வெற்று அடைவுக்கு ‘சிஹெச்அட்டர் +ஐ’ கொடுத்து, அதில் எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிடுகிறேன். அதன் பிறகு வட்டு இல்லாத நாளில் நகல் நிரல் பிழை காட்டி நிற்குமே தவிர, ரூட்டை நிரப்பாது.

துடைத்தும் போதவில்லை என்றால்

‘விஜிஎஸ்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பிரிவுகளைப் பிறகு எளிதாகப் பெருக்க உதவும் எல்விஎம் முறையில் நிறுவிய கணினியில், நிறுவல் நிரலே ஒரு பகுதியை ஒதுக்காமல் வைத்திருக்கக்கூடும். உபுண்டு சர்வர் அப்படிச் செய்வது வழக்கம். காலி இடம் தெரிந்தால், ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்’ கட்டளையால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட்டைப் பெருக்கிவிடலாம். கோப்புகளுக்கு மட்டுமான பெரிய எக்ஸ்ட்4 பிரிவு என்றால், அதில் 5 விழுக்காடு ரூட் பயனருக்கென்று (கணினியின் தலைமைக் கணக்குக்கு) ஒதுக்கப்பட்டிருக்கும். 1 டிபி வட்டில் அது ஏறத்தாழ 50 ஜிபி. ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ கொடுத்து அதை 1 விழுக்காடாகக் குறைக்கலாம். ரூட் பிரிவில் மட்டும் அந்த ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள். பிரிவு நிரம்பிய நாளில் உள்ளே நுழைந்து சரிசெய்வதற்கு அந்த இடம்தான் உதவும்.

இவற்றுக்கும் பிறகுதான் பிரிவின் அளவை மாற்றுவது. ரூட்டின் வலப்பக்கத்தை ஒட்டிக் காலி இடம் இருந்தால் ‘க்ரோபார்ட்’, ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ இரண்டையும் கொண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலப்பக்கத்தில் ஹோம் ஒட்டிக்கொண்டிருந்தால், லைவ் பென் டிரைவில் (வட்டில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) ஏறி, ஜிபார்ட்டட் என்ற கருவியில் ஹோமை அதன் இடப்பக்க முனையிலிருந்து சுருக்க வேண்டும். ஹோமில் உள்ள ஒவ்வொரு கோப்பும் நகர்ந்தாக வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் ஹோம் முழுவதும் சிதையலாம். நல்ல யூபிஎஸ் இல்லாத வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். டாக்கர் அடைவையோ டைம்ஷிஃப்ட் நகல்களையோ வேறொரு வட்டுக்கு மாற்றிவிடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

## அப்டேட் பாதியில் நிற்கிறது, ‘/பூட்’ நிரம்பியதாகச் சொல்கிறது

கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் தனி பூட் பிரிவை 250 அல்லது 500 எம்பியில் வைத்த கணினிகளில் இது நேரும். ஒவ்வொரு புதிய கெர்னலும் (இயங்குதளத்தின் கரு) தன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்போடு வந்து அமர்கிறது; பழையவை விலகாவிட்டால் மூன்றாவது, நான்காவது கெர்னலுக்கு இடம் இருக்காது. ‘ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ பெரும்பாலும் தீர்த்துவிடும். அதுவே இடமில்லாமல் நின்றால், ‘யூநேம் -ஆர்’ கொடுத்து இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கும் அதற்கு முந்தையதற்கும் பழையதாக உள்ள ஒன்றை மட்டும் பெயர் சொல்லி நீக்குங்கள். கோப்பு மேலாளரில் போய் பூட் அடைவின் கோப்புகளைக் கையால் அழிப்பதைக் காட்டிலும் விரைவாகக் கணினியைக் கெடுக்கும் வழி எனக்குத் தெரியாது.

குறியாக்கம் செய்யாத சாதாரண எக்ஸ்ட்4 நிறுவலுக்குத் தனி பூட் பிரிவே தேவையில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் 1 ஜிபிக்குக் குறையாமல் வையுங்கள்.

## தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் நின்று, ‘எமர்ஜென்சி மோட்’ வருகிறது

ஏறக்குறைய எப்போதும், எந்தப் பிரிவை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்புதான் காரணம். அதில் எழுதியுள்ள ஏதோ ஒரு பிரிவு கிடைக்கவில்லை. தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்து கைவிடுகிறது. வெளி வட்டைக் கழற்றியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அண்மையில் ஏதாவது ஒரு பிரிவை ஃபார்மட் செய்தீர்களா என்று யோசியுங்கள். ஃபார்மட் செய்தால் யூயூஐடி என்ற அடையாள எண் மாறிவிடும், எஃப்எஸ்டேபில் பழைய எண்ணே இருக்கும்.

எமர்ஜென்சி திரையில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, ‘பிஎல்கேஐடி’ காட்டும் எண்களை எஃப்எஸ்டேபில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். வரியைத் திருத்த முடியாவிட்டால் அதன் முன்னால் ஒரு # குறி இட்டு அதைச் செயலிழக்கச் செய்யலாம். கோப்பைச் சேமிக்க விடவில்லை என்றால் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கொடுத்த பின் முயலுங்கள். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதாகச் சொல்லி உள்ளே விடாவிட்டால், லைவ் பென் டிரைவில் ஏறி அதே கோப்பைத் திருத்த வேண்டும். திருத்தியதும் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஓட்டிச் சரிபார்த்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள். ரூட், ஹோம் தவிர்த்த எல்லா வட்டுக்கும், அது கிடைக்காவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தாத ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்ப்பதும், ‘எஸ்டிபி1’ போன்ற பெயர்களுக்குப் பதிலாக யூயூஐடியையே எழுதுவதும் என் கடையில் விதி. பென் டிரைவ் ஒன்றைச் செருகினாலும் அந்தப் பெயர்களின் வரிசை மாறக்கூடும்.

எமர்ஜென்சிக்குப் போகாமல், தொடக்கம் மட்டும் அரை நிமிடம் தாமதமானால், நீங்கள் நீக்கிய பழைய ஸ்வாப் பிரிவை (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடத்தை) இனிட்ராம்எஃப்எஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். ‘ரெஸ்யூம்’ அமைப்பில் உள்ள பழைய எண்ணை நீக்கிவிட்டு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ கொடுங்கள்.

## நிறுவல் திரையில் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை

இது கோளாறு அன்று. ஆனால் இங்கே எடுக்கும் முடிவுதான் மற்ற கோளாறுகளுக்கெல்லாம் வித்து. 120 ஜிபி எஸ்எஸ்டி என்றால் ஹோமைத் தனியாகப் பிரிக்காதீர்கள். சிறிய வட்டை இரண்டாக வெட்டினால் இரண்டும் போதாமல் போகும். கணினி தொடங்கப் பயன்படும் இஎஃப்ஐ பிரிவு போக மீதி முழுவதும் ரூட்டாகவே இருக்கட்டும்.

256 ஜிபி எஸ்எஸ்டியைக் கணினி ஏறத்தாழ 238 என்று காட்டும். அதில் நான் இடமிருந்து வலமாக வைக்கும் வரிசை இது: இஎஃப்ஐ 1 ஜிபி, ரூட் 60 ஜிபி, அதை ஒட்டி யாருக்கும் ஒதுக்காத 27 ஜிபி வெற்றிடம், அதன் பிறகு 150 ஜிபி ஹோம். வெற்றிடத்தை வட்டின் கடைசியில் வைக்காமல் ரூட்டின் வலப்பக்கத்தில் வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரிவு எளிதாக வளர்வது வலப்பக்கம்தான், முதலில் நிரம்புவதும் ரூட்தான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் அறைகளைப் புள்ளிகளுக்கு (மணமான குடும்பங்களுக்கு) பங்கு வைப்பார்கள். வளவை (வீட்டின் நடுவிலுள்ள பொது இடத்தை) யாரும் பங்கு வைப்பதில்லை, விசேஷம் வரும்போது இடம் வேண்டுமே. வட்டிலும் அப்படி ஒரு வளவு இருக்கட்டும் என்பதே வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது.

எஸ்எஸ்டியோடு 1 டிபி வட்டும் இருந்தால், ஹோமை எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டு, பெரிய வட்டை ‘/டேட்டா’ என்று தனியாக மவுண்ட் செய்யுங்கள். ஸ்வாப்புக்குப் பிரிவு வேண்டாம், 4 ஜிபி கோப்பு போதும்; பிறகு கூட்டவும் குறைக்கவும் அதுதான் எளிது. ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைவது) கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பிரிவு வைத்துக்கொள்ளலாம். கோப்பு முறை எக்ஸ்ட்4 ஆகவே இருக்கட்டும்: எக்ஸ்எஃப்எஸ் பெருகும், ஆனால் நாம் நினைத்தபடி சுருக்க முடியாது.

## பெரிய வட்டு முழுவதும் தெரியவில்லை, அல்லது ஐந்தாவது பிரிவை உருவாக்க விடவில்லை

இரண்டுக்கும் காரணம், பிரிவுகளைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை. 512 பைட் செக்டார் உள்ள வட்டில் அதனால் ஏறத்தாழ 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. முதன்மைப் பிரிவுகளும் நான்குதான். கல்யாண வீடியோக்களைச் சேமிக்க 4 டிபி வட்டு வாங்கிய ஸ்டூடியோக்காரர்களுக்கு முதல் அறிகுறியும், பழைய விண்டோஸ் மடிக்கணினியில் இரண்டாவது இயங்குதளம் போட முயலும் மாணவர்களுக்கு இரண்டாவது அறிகுறியும் பழக்கமானவை. ‘பார்ட்டட் -எல்’ கொடுத்தால் அட்டவணை எது என்று சொல்லும். புதிய வெற்று வட்டு என்றால் ஜிபிடி அட்டவணை போட்டுவிடுங்கள். இயல்பாக 128 பிரிவுகள் வரை அதில் இடம் உண்டு. விண்டோஸ் ஏறிய வட்டில் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றினால் அது தொடங்கும் முறையும் மாற வேண்டியிருக்கும், ஆகவே அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

நிறுவல் நிரலில் வட்டே தென்படவில்லை என்றால், பயாஸில் சேமிப்பக முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஹெச்சிஐக்கு மாற்றினால் தெரியும். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், மாற்றும் முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு விண்டோஸ் தொடங்காமல் அடம்பிடிப்பதும் உண்டு.

## எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லை. படிக்க மட்டுமே விடுகிறது

விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பிரிவு மட்டும் இப்படி ஆனால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அந்தப் பிரிவை முழுமையாக மூடாமல் விட்டிருக்கிறது. விண்டோஸில் அந்த வசதியை அணைத்து, முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

ரூட் பிரிவே இப்படி ஆனால் விஷயம் கனமானது. ஐப்பசி மழையும் இடியும் தொடங்கும் மாதத்தில் இந்தப் புகார் எனக்கு அடுத்தடுத்து வரும். திடீரென மின்சாரம் போய்க் கோப்பு முறை குழம்பியிருக்கலாம், அல்லது வட்டே சாகத் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதற்கு முன், கோப்பு முறையைத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டக் கூடாது. ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ஐ/ஓ பிழை (வட்டில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்று வட்டின் பெயரோடு வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், கணினியை அணைத்து சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்ச் சமாசாரத்தில் முடிந்தாலும் முடியும். பிறகு ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கொடுத்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார், நிலுவையில் உள்ள செக்டார் ஆகிய இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவை எண் சுழியமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடினால், வட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. பிழை திருத்த முயலாமல், ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழு வட்டையும் வேறொன்றுக்கு நகலெடுத்துவிட்டு, நகலில்தான் மற்ற வேலைகளைச் செய்ய வேண்டும்.

இரண்டு எண்களும் சுழியமாக இருந்து ஐ/ஓ பிழையும் இல்லை என்றால், லைவ் பென் டிரைவில் ஏறி, பிரிவு மவுண்ட் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டுங்கள். மவுண்ட் ஆன பிரிவில் அதை ஓட்டினால் இருப்பதும் கெடும்.

## பிரித்து முடித்த பிறகு பழைய கோப்புகளைக் காணவில்லை

கணினியை உடனே அணைத்துவிடுங்கள். அந்த வட்டில் எதையும் நிறுவாதீர்கள், இணையத்திலிருந்து மீட்பு மென்பொருளை அதே வட்டில் இறக்காதீர்கள். பிரிவு அட்டவணை மட்டும் அழிந்து, மேலே ஃபார்மட் எதுவும் நடக்கவில்லை என்றால், லைவ் பென் டிரைவிலிருந்து டெஸ்ட்டிஸ்க் ஓட்டிப் பழைய பிரிவுகளின் எல்லைகளைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. தொடக்கத்தில் எடுத்த படம் இருந்தால், டெஸ்ட்டிஸ்க் காட்டும் எல்லைகள் சரிதானா என்று அளவை வைத்தே ஒப்பிட்டுக்கொள்ளலாம். படம் இல்லாமல், டெஸ்ட்டிஸ்க் காட்டும் முதல் முடிவையே எழுதச் சொல்லிவிடாதீர்கள்.

ஃபார்மட் நடந்துவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்யும்போதே டிரிம் கட்டளை பழைய தரவை விடுவித்துவிடுவதால், அனுபவம் உள்ளவராலும் பல நேரங்களில் எதையும் மீட்க முடியாது. சுழலும் வட்டில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் இன்னொரு முறை மின்சாரம் கொடுக்காமல், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கே நேராகக் கொண்டுபோங்கள். எங்களைப் போன்ற தெருக்கடைகளில் அந்த வட்டைத் திறக்க விடாதீர்கள். கொண்டுபோகும்போது என்ன தவறு நடந்தது, அதன் பிறகு என்னென்ன கட்டளைகள் கொடுத்தீர்கள் என்பதை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெட்கப்பட்டு ஒரு வரியை மறைத்தாலும், மீட்பவர் தவறான இடத்தில் தேடத் தொடங்கிவிடுவார்.